பத்துப் புதன்கிழமைகள்

"மதினி, மூணாவது வாரம் ஆறாவது ஆட்டத்துல நீங்க ஏன் கிளாவர் ஏஸைப் போட்டீங்க?"

கிளைட்டன் இதைக் கேட்டபோது ஜீவமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் விரித்திருந்த லேப்டாப்பைப் பார்த்துக் கேட்டார்.

"சீட்டுன்னா ஏஸ் போடத்தான செய்வாங்க. இதக் கேக்கவா ஹார்பர்ல இருந்து இந்த வெயில்ல வந்தீங்க தம்பி? காப்பி ஆறுது, குடிங்க."

கிளைட்டன் கப்பல் ஏஜென்சி வைத்திருப்பவர். ஊரிலுள்ள சின்ன பிரிட்ஜ் சீட்டாட்டக் கிளப்பின் செயலாளர். ஆறு மேஜை, இருபத்து நாலு பேர். கொரோனாவில் பூட்டிய கட்டடத்தைப் பிறகு திறந்தாலும், புதன்கிழமைப் போட்டிகள் இணையதளத்திலேயே தங்கிவிட்டன. அவற்றை நடத்தும் பொறுப்பு ஜீவமணியுடையது. கணவர் ராஜதுரையோடு ஜோடி சேர்ந்து ஆடவும் செய்வாள். பத்து வாரப் போட்டியில் இந்த வருடக் கோப்பை அவர்களுக்குத்தான். வரும் ஞாயிறு பரிசளிப்பு.

ராஜதுரை இறந்து நேற்றோடு நாற்பது நாள்.

"கிளாவர் குயினும் உங்க பக்கந்தான் இருந்துச்சு. கிங் யாருகிட்ட இருக்குன்னு தெரியாதப்ப எல்லாரும் குயினைத்தான் வச்சுப் பாப்பாங்க. நீங்க நேரா ஏஸை அடிச்சீங்க. வெள்ளத்துரை அண்ணாச்சி கையில கிங் ஒத்தையா நின்னுது. உங்க ஏஸுல விழுந்துட்டு. அவரு கையைப் பாத்துட்டு ஆடுன மாதிரி இருக்கு."

"யோகம்."

"ஒரு தடவைன்னா யோகம். இந்த மாதிரி பதினோரு தடவை மதினி. பதிவெல்லாம் அப்படியே கெடக்கு."

ஜீவமணிக்குக் காது மடல் சுட்டது.

"யாரு புகார் கொடுத்தா?"

கிளைட்டன் காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"வெள்ளத்துரைதான? ரெண்டாவதா வந்தது உப்பளத்து மொதலாளிக்குப் பொறுக்கலையோ? இவரு எறந்த அன்னைக்கு இந்த வாசல்ல நின்னு அப்படி அழுதாரே, அதென்ன உப்புப் பாத்தியில இருந்து மோந்துட்டு வந்த தண்ணியா?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க மதினி." கிளைட்டன் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு கேக்கணும். ஆடிக்கிட்டே நடத்துதவங்களுக்கு அவங்க சீட்டு மட்டுந்தான் தெரியும். மூணாவது வாரத்துல இருந்து போட்டியை நடத்துனது உங்க பேருல இல்ல. 'முத்துநகர்'னு ஒரு பேரு. அது ஆடல, நடத்த மட்டும் செஞ்சிருக்கு. அப்படி நடத்துதவங்களுக்கு நாலு பேரு சீட்டும் தெரியும். நாங்க யாரும் அதைக் கவனிக்கல. யாரு மதினி அது?"

மேஜைமேல் இருந்த கைப்பேசியை ஜீவமணி கவிழ்த்து வைத்தாள். அது போதுமானதாக இல்லை. எடுத்து ஒரு செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினாள். பிறகு சொன்னாள்.

"நான்தான். லேப்டாப்புல ஆடுவேன். போன்ல பாப்பேன்."

"நீங்களா மதினி? போன வருசம் எம்பொஞ்சாதி சீட்டை வச்சுக்கிட்டு லேசா உச்சுக்கொட்டுனதுக்கே, சைகை காட்டுனான்னு புள்ளியக் கொறச்சவங்க நீங்க."

அவள் தலை குனிந்தாள். அறுபத்து நான்கு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல் நகத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவளுக்கே தெரிந்தது.

"உங்க அண்ணனுக்கு மூணு மாசந்தான்னுட்டாரு டாக்டர். இவருக்கு ஒரு வாய் எறங்கல. மொத வாரம் எப்படியோ ஜெயிச்சோம். உள்ரூம்ல படுத்துக்கிட்டே டேப்லெட்டுல ஆடுனவரு, 'ஏளா ஜீவா, வெள்ளத்துரையக் கவுத்துட்டோம்லா!'ன்னு சத்தம் போட்டாரு. அன்னைக்கு ஒரு டம்ளர் கஞ்சி முழுசா குடிச்சாரு. அடுத்த வாரம் தோத்தோம். செவரைப் பாத்துத் திரும்பிப் படுத்துட்டாரு. ரெண்டு நாள் பச்சைத் தண்ணிகூடத் தொடல. அதுக்கப்புறந்தான் தம்பி..."

"ராஜதுரை அண்ணாச்சிகிட்ட சொன்னீங்களா?"

"அவருக்குச் சொன்னா அன்னைக்கே அந்த டேப்லெட்டைத் தூக்கி எறிஞ்சிருப்பாரு. அவரு சீட்டை அவரு நேர்மையாத்தான் ஆடுனாரு. கிளப்புல ஜெயிச்சவங்க பேரை எழுதுத அந்தப் பலகையில முப்பது வருசத்துல ஒரு தடவைகூட அவரு பேரு வந்ததில்ல. ஜெயிச்ச புதனெல்லாம் கஞ்சி குடிச்சாரு. எனக்கு அது போதும்னு இருந்துச்சு."

கிளைட்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னைய கிளப்பை விட்டே எடுத்துருங்க. எல்லாருக்கும் மெயில் போடுங்க, நான் செஞ்சதைச் சொல்லுங்க, மூஞ்சியில துப்புனாலும் தொடச்சுக்கிடுதேன். பலகையில அவரு பேரை மட்டும் எழுதிருங்க தம்பி. செத்த மனுசன் பேருல கறை வேண்டாம்." அவள் எழுந்து செருப்பைத் தேடினாள். "வாங்க, வெள்ளத்துரை வீட்டுக்குப் போவோம். கால்ல வேணும்னாலும் விழுதேன். புகாரைத் திருப்பி வாங்கிக்கிடச் சொல்லுதேன்."

"உக்காருங்க மதினி. அவருக்கு இந்த விசயமே தெரியாது. புகார் வந்து ரெண்டு மாசம் ஆச்சு. உங்ககிட்ட கேக்கத்தான் எனக்குத் தைரியம் வரல."

கிளைட்டன் லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினார். நாலே வரி மெயில்.

'தம்பி, எங்கள் ஜோடி ஜெயித்த ஆட்டங்களைச் சோதித்துப் பாருங்கள். பலகையில் என் பேரை எழுத வேண்டாம். ஜீவாவிடம் கேட்பதானால் நான் போன பிறகு கேளுங்கள். நான் ஜெயிக்கிறேன் என்று அவள் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாள் - ராஜதுரை.'