காட்டக் கூடாத ஆள்

வேல்ஸ் நாட்டு எழுத்தாளரான கணவரின் கையெழுத்துப் பிரதிகளும் கடிதங்களும் கனடாவின் மார்க்கம் நகரிலிருந்த வீட்டை விட்டு ஆவணக் காப்பகத்துக்குப் புறப்படத் தயாராக இருந்தன. வெறுமையான அலுமாரியைப் பார்த்துப் பாலேஸ்வரி பெருமூச்சு விட்டாள்.

"கவலைப்படாதேங்கோ அன்ரி, பத்திரமாய் வைச்சிருப்பம்," என்றாள் பெட்டிகளை எடுக்க வந்த அட்சயா. "காதல் கடிதங்களை ஆரும் பார்க்கக் கூடாதெண்டால் சீல் வைக்கலாம்."

"அதை ஊரே வாசிக்கட்டும் பிள்ளை. கதைகளைத்தான் ஒராளுக்குக் காட்டக் கூடாது."

"ஆருக்கு?"

"என்ரை மனுசனுக்குத்தான்! சைன் வைச்சுத் தந்திட்டார். ஆனால் நாளைக்கே உங்களிட்ட வந்து கெஞ்சுவார். பத்து வருசமாய்ப் பழசையே திருத்தித் திருத்தி, புதுசாய் ஒரு வரி எழுதேல்லை."

மாடியிலிருந்து, அவள் பழக்கிய யாழ்ப்பாணத் தமிழில், வெள்ளைக்காரக் குரல் ஒன்று கேட்டது:

"இஞ்சாரப்பா, வெள்ளைப் பேப்பர் எங்கை இருக்கு?"