நிழலுக்கு ஓடும் நாற்று

“எங்க கத்தரி நாத்து நேத்து என்கூட மார்க்கெட்டுக்கு நடந்து வந்து, கறிவேப்பிலைக்குப் பேரம் பேசிட்டுத் திரும்பிச்சு” என்றாள் ஓய்வுபெற்ற கண்டக்டர் மரகதவல்லி.

குடியிருப்புச் செயலாளர் எத்திராஜ் சிரிக்கவில்லை. “இன்னாக்கா, புளுகுக்கு ஒரு அளவு வாணாம்? மொட்டைமாடியை இன்னிக்கே காலி பண்ணணும்” என்றபடி, அங்கே கட்டியிருந்த நிழல்வலையை மளமளவென்று அவிழ்த்துச் சுருட்டினார்.

மரகதவல்லி ஓடிப்போய் நாற்றுத் தட்டைக் குனிந்து பார்த்தாள். வேலூரில் நாற்பத்திரண்டு டிகிரி வெயில். தட்டில் நாற்பது முள்ளுக்கத்தரி நாற்று. பத்து நாளாவது போனால்தான் பிடுங்கி நடலாம். தட்டுக்குச் சக்கரமும் மோட்டாரும் உண்டு, வெயில் பட்டால் நிழலைத் தேடி அதுவாகவே ஓடும். ஆனால் இப்போது ஓடுவதற்கு நிழல் எங்கே? அவளோ முருங்கைக்காய் மாதிரி ஒடிசல்.

எத்திராஜ் அப்படியில்லை. ஆள் ஒரு மினி பஸ் அகலம். தட்டு விர்ரென்று வந்து அவர் நிழலில் நின்றது. அவர் நகர்ந்தார், அதுவும் நகர்ந்தது. மாடியை மூன்று சுற்று ஓடினார், அதுவும் ஓடியது. மூச்சு வாங்கிக் குனிந்து பார்த்தால், துவண்டு கிடந்த நாற்றெல்லாம் மெல்லத் தலை தூக்குகிறது! மனிதர் அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்.

“சாப்பிட வரலியா?” கீழிருந்து மனைவி கத்தினாள்.

“நான் வந்தா இதுங்க வாடிடும்டி! சோத்தைத் தட்டுல போட்டு மேல கொண்டா. அக்கா சொன்னது நெசந்தான், நாத்து என் பின்னாலயே வருது!”