உள்ளிருந்து பூசிய சுவர்

நிலக்கரிச் சுரங்கங்களின் மேல் நிற்கும் ரூர் வட்டார வீடுகளில், விரிசலைப் பூசுமுன் அதன் குறுக்கே ஜிப்சம் பட்டை ஒட்டிவைப்பார்கள். அது உடைந்தால் நிலம் இன்னும் இறங்குகிறது என்று பொருள். உடைந்துகொண்டே இருந்தால் வீட்டைக் காலிசெய்ய வேண்டியதுதான். ஹில்ட்ரூட் வீட்டு வெளிச்சுவரில் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிய இரண்டு பட்டைகள் உடைந்திருந்தன. மூன்றாவதாக ஒட்டியது உடையவில்லை. பூச வந்த யூரெக் அதைப் பெயர்த்தபோது விரிசலே இல்லை.

“யாரு அக்கா பூசினது? என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே.”

“நான் யாரையும் கூப்பிடலப்பா.”

“இது உள்ளேருந்து பூசினது. கரித்தூள் கலந்த சாந்து, விரல் தடம்கூட இருக்கு.”

அவள் கணவன் வில்ஃப்ரீட், சுரங்கச் சரிவில் சிக்கி இறந்தவன், இந்தத் தெருவுக்குக் கீழேதான் எங்கோ கிடந்தான். ஹில்ட்ரூட் நிறைந்த கண்களோடு சுவரில் உள்ளங்கையைப் பதித்தாள்.

“ரொம்ப நன்றி வில்ஃப்ரீட். பனிக்கு முன்னாடி வடக்குச் சுவரையும் பாத்துடு.”

வடக்குச் சுவரின் விரிசல், உள்ளிருந்து மெல்லக் கறுத்து ஈரமாயிற்று.