திங்கட்கிழமை வரச் சொன்னவர்

சாரங்கா அலுவலகக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, பக்கத்து அறையில் யாரோ எதையோ உடைக்கும் சத்தம் கேட்டது.

அவள் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறவள். விடுமுறையில் சில வாரம் ஒரு சட்டத்தரணியிடம் பயிற்சி எடுக்காவிட்டால் இறுதிப் பரீட்சைக்கு விட மாட்டார்கள். விண்ணப்பம் போட்டுப் போட்டே ஆள் களைத்துவிட்டாள். ‘இம்முறை இடமில்லை, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்’ என்று எல்லோரும் வாழ்த்தோடு கைகழுவினார்கள். கடைசியில், 1997 மாசி மாதத்தில், சட்டத்தில் டாக்டர் பட்டம் பெற்ற டாக்டர் ஹெல்காம்பின் அலுவலகத்தில் மட்டும் நேர்முகத்துக்கு ஒரு டெர்மின், நாளும் நேரமும் குறித்து, கொடுத்தார்கள்.

அப்படிக் கிடைத்த நாளில் முன்மேசையில் செயலாளரைக் காணவில்லை.

“நீ உள்ளுக்குப் போ பிள்ளை. நான் இதிலை இருக்கிறன்,” என்றாள் கூட வந்த அக்கா. யோசப்பின் என்று பெயர், பக்கத்து வீட்டுக்காரி. தன் பழைய ஓப்பல் காரில் சாரங்காவை ஏற்றி வந்தவள். வந்த இடத்தில் காருக்குள்ளேயே குந்தியிருக்கிற ஆள் இல்லை.

சாரங்கா அறைக் கதவைத் தட்டித் திறந்தாள்.

கம்பளிச் சட்டை போட்ட ஒரு மனிதர், கையில் ஸ்க்ரூ டிரைவரோடு மேசை இழுப்பறையை நெம்பிக்கொண்டிருந்தார். நிலத்தில் இரண்டு பயணப் பைகள் வாய் பிளந்து கிடந்தன. ஒன்றில் கோப்புகள் முட்டி வழிந்தன. அவளைக் கண்டதும் அவர் அப்படியே விறைத்துப் போனார்.

“யார் நீங்கள்?”

“பயிற்சிக்கு விண்ணப்பித்த மாணவி. இன்று நேர்முகம் என்று…”

“நேர்முகமா? ஆ, ஆமாம். நேர்முகம்!” அவர் ஸ்க்ரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். “சாவியைத் தொலைத்துவிட்டேன். செயலாளருக்குச் சுகமில்லை. உட்காருங்கள். இல்லை, வேண்டாம், நில்லுங்கள். சட்டம் படிக்கிறீர்களா?”

அதைக்கூடக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று சாரங்கா நினைத்தாள். “ஆமாம்.”

“நல்ல விஷயம்.” அவர் யன்னல் திரையை விலக்கித் தெருவை ஒருதரம் பார்த்தார். “திங்கட்கிழமை வாருங்கள். வேலை உங்களுக்குத்தான்.”

இத்தனை மாத அலைச்சலுக்கு இவ்வளவு சுலபமான முடிவா? சாரங்காவுக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போல இருந்தது. “பல்கலைக்கழகத்துக்குக் காட்ட, ஒரு துண்டில் எழுதி முத்திரை குத்தித் தர முடியுமா?”

“முத்திரை…” அவர் மேசையின் மேலே தேடினார், கீழே தேடினார், அலுமாரியைத் திறந்து மூடினார். “அது எங்கே இருக்கிறதென்று எனக்கு எப்படித் தெரியும்? திங்கட்கிழமை பார்க்கலாம். போய் வாருங்கள்!”

வெளியே வந்து கதவைச் சாத்தும்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“என்ன பிள்ளை, கிடைக்கேல்லையோ?”

“கிடைச்சிட்டுது அக்கா. ஆனா தந்த ஆளைத்தான் யோசிக்கிறன். லாச்சியை உடைக்கிறார். முத்திரை எங்க இருக்கெண்டு தெரியேல்லை. தெருவை எட்டியெட்டிப் பாக்கிறார்.”

“ஐயோ, கள்ளனடி!”

“ஒருவேளை உண்மையிலேயே டாக்டராயிருந்தா? இந்த இடமும் போனா எனக்கு வேற வழியில்லை அக்கா.”

அக்கா அறைக் கதவில் தொங்கிய சாவியை டக்கென்று திருப்பினாள். “இப்ப நீ ஆறுதலா யோசி.”

உள்ளே கைப்பிடி ஆடியது. பிறகு கதவு அதிர்ந்தது. “திறவுங்கள்! நான்தான் டாக்டர் ஹெல்காம்ப்!”

“உள்ளுக்கும் போன் இருக்குத்தானே?” என்றாள் அக்கா. “உண்மையான டாக்டரெண்டா பொலிசைக் கூப்பிட மாட்டாரோ?”

அந்தக் கேள்வி சாரங்காவின் தயக்கத்தை முடித்துவைத்தது. முன்மேசைத் தொலைபேசியை எடுத்துப் பொலிசை அழைத்தாள்.

இரண்டு பொலிஸ்காரர்கள் மூன்றாம் மாடிக்கு மூச்சுவாங்க ஏறி வந்தார்கள். கதவைத் திறந்ததும் அந்த மனிதர் சிவந்த முகத்தோடு அடையாள அட்டையை நீட்டினார். மூத்த பொலிஸ்காரர் அட்டையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், மறுபடியும் அட்டையைப் பார்த்தார்.

“டாக்டர் ஹெல்காம்ப்தான்,” என்றார்.

சாரங்கா கதவில் தொங்கிய சாவியைப் பார்த்தாள். ஒருவரை அறைக்குள் பூட்டிவைப்பது குற்றம். குற்றவியல் சட்டம், பிரிவு 239. அந்தப் பாடத்தில் அவளுக்கு நல்ல புள்ளி வேறு.

“என் அலுவலகத்தில் என்னையே பூட்டினாள்!” என்று டாக்டர் கத்தினார். “இனி எந்தச் சட்டத்தரணியும் இவளைப் படியேற்றாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதுங்கள் முறைப்பாட்டை!”

“பிள்ளை, ஓடுவமோ?” என்று அக்கா காதுக்குள் கேட்டாள்.

“ஓடினா அதுக்கும் சேத்து வழக்குப் போடுவாங்கள் அக்கா.”

இடுப்பிலிருந்து கைவிலங்கை எடுத்துக்கொண்டு மூத்த பொலிஸ்காரர் திரும்பினார். சாரங்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். விலங்கு பூட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்து பார்த்தாள். அவள் கைகள் சும்மாதான் இருந்தன.

“இறந்துபோன கட்சிக்காரர்களின் உயில்களைக் களவாகத் திருத்தியதற்காகக் காலையிலேயே இவரைப் பிடிக்க வீட்டுக்குப் போனோம், ஆள் இல்லை,” என்றார் பொலிஸ்காரர், விலங்கு பூட்டிய டாக்டரின் கைகளைப் பிடித்தபடி, “நல்லவேளை, நாங்கள் வரும்வரை பூட்டி வைத்தீர்கள்.”