அதிபர் மாளிகைக் காபி

அதிபர் மாளிகைக்குள் யார் என்ன செய்தாலும் வழக்கே கிடையாது என்ற சட்டத்தில் அதிபர் அன்று காலைதான் கையெழுத்துப் போட்டிருந்தார். அதைச் செய்தியில் கேட்டுவிட்டுச் சமையற்காரி மாராத்தாள் காபியோடு வந்தாள். போன வருடம் இதே மாளிகைக்கு விசாரணைக்கென்று அழைத்து வரப்பட்ட அவள் தம்பி வீடு திரும்பவே இல்லை.

"யார் செஞ்சாலும்னா, என்னையும் சேர்த்துங்களா ஐயா?" என்று கேட்டுக்கொண்டே டம்ளரை வைத்தாள்.

எடுக்கப்போன அதிபரின் கை பாதியில் நின்றது. "நீ ஒரு வாய் குடிச்சுட்டுக் குடு."

"எச்சில் பண்ணியா உங்களுக்குக் குடுக்கறதுங்க? சட்டப்படி குத்தமில்லைன்னாலும் பாவமுங்களே" என்றாள் பணிவாக.

அன்றிலிருந்து அதிபர் இளநீர்தான் குடிக்கிறார். அதையும் தானே வெட்டிக்கொள்கிறார். அரிவாளைக் கழுவி வைப்பது மட்டும் இன்னும் மாராத்தாள்தான்.