கறுப்பு, நாற்பத்தேழு

அவனுடைய கை அவளை நோக்கி நீண்டிருந்தது.

அது விதி. சில்லுச் சப்பாத்துப் போட்டு வட்டத்தில் ஓடி ஆடும் ரோலர் டெர்பியில், கூட்டத்தை முதலில் பிளந்துகொண்டு வெளியே வருகிற ஆட்டக்காரியை, அவளுக்கென்று நிற்கும் நடுவர் விரல் நீட்டிக் காட்டியபடியே கூடச் சறுக்கிப் போக வேண்டும். மற்றக் கையை உயர்த்திச் சுட்டுவிரலையும் பெருவிரலையும் விரித்துப் பிடிக்க வேண்டும்.

கண்ணை எடுக்கக் கூடாது.

தர்சிகாவை அவன் இவ்வளவு நேரம் பார்த்து எத்தனையோ மாதம். ஏப்ரலில் விவாகரத்துப் பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். அவள்தான் கேட்டாள். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்கும் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. சட்டத்தரணியின் பேனையைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அவ்வளவுதான்.

அவள் விளையாடும்போது தன்னை நடுவராகப் போட வேண்டாம் என்று தலைமை நடுவர் கெல்லியிடம் சொல்லி வைத்திருந்தான். இன்று இடைவேளைக்கு முன்பே ஒரு நடுவருக்குக் கணுக்கால் பிரண்டுவிட்டது. வேறு ஆளில்லை. கெல்லி அவனுடைய முகத்தைப் பார்த்தாள்.

சரி என்றான்.

கோடைக்காக ஐஸ் எடுத்துவிட்ட, கனடா ஸ்காபரோவின் பனிச்சறுக்கு அரங்கு. வெறும் சீமெந்துத் தரை. ஆகஸ்ட் மாதத்துப் புழுக்கம். அவள் வெளிவட்டத்தில் பறக்கிறாள், அவன் உள்வட்டத்தில். முடியைக் கட்டையாக வெட்டியிருக்கிறாள். தோளில் புதிதாக ஒரு நீலக் கண்டல். யார் மருந்து பூசியிருப்பார்கள் என்று ஒரு கணம் நினைத்தான். அந்த நினைப்பு வலிக்கவில்லை. அதுதான் அவனுக்கு வியப்பாக இருந்தது.

ஒரு காலத்தில் அவளைக் கூட்டிப்போக வந்து வாங்கில் குந்தியிருந்தவன். நடுவருக்கு ஆள் போதாது, நீங்களும் பழகுங்கோவன் என்று அவள்தான் இழுத்துவிட்டாள். சமையலறையில் வெங்காயம் வெட்டியபடி தவறுகளின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்வாள். அவன் அதற்கான சைகையைக் கையால் காட்ட வேண்டும். பிழைத்தால் கண்ணீரோடு சிரிப்பாள்.

வெள்ளைச் சட்டைக்காரி ஒருத்தி பக்கவாட்டில் வந்து இடித்தாள்.

தர்சிகா கோட்டுக்கு வெளியே போய் விழுந்தாள். உருண்டாள். எழும்பினாள். இடித்தவளுக்குப் பின்னால்தான் திரும்ப உள்ளே வர வேண்டும்.

முன்னால் வந்தாள். அரை இடுப்பளவு.

அவன் யோசிக்கவில்லை. விசில் ஊதியாயிற்று. முன்னங்கைகள் நெஞ்சுக்கு நேரே ஒன்றையொன்று வெட்டி நின்றன.

"பிளாக். ஃபோர் செவன். கட்."

நிறம், எண், தவறு. அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. அவளுடைய பெயர் அதில் இல்லை.

அவள் திரும்பிப் பார்த்தாள். மறுத்துப் பேச ஆட்டக்காரிக்கு உரிமையில்லை. நேரே போய்த் தண்டனை நாற்காலியில் முப்பது வினாடி இருந்தாள். அதற்குள் வெள்ளை அணி இரண்டு சுற்று சுற்றிப் புள்ளிகள் சேர்த்துவிட்டது.

கறுப்பு அணியின் தலைவி வந்து வாதாடினாள். கெல்லி அவனைத் தனியே கூப்பிட்டு, உறுதியா என்று கேட்டாள். கண்டேன் என்றான். வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றிருப்பான். அது உண்மையும்தான்.

கறுப்பு அணி மூன்று புள்ளியில் தோற்றது.

முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் வரிசையாக வந்து கையோடு கை தட்டிப் போனார்கள். அவளும் வந்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. அவளுக்கு அடுத்து வந்தவளுடைய கையும் ஈரம்தான்.

வாசலுக்குப் பக்கத்தில் ஒரு மேசையைப் போட்டு ரோல்ஸும் தேத்தண்ணியும் விற்றுக்கொண்டிருந்த வயதான அம்மா ஒருவர், அவன் வாங்கில் வந்து இருந்ததும் எட்டிப் பார்த்தார். பேச ஒரு தமிழ் முகம் கிடைத்த சந்தோஷம். அந்தக் கறுப்புச் சட்டைப் பிள்ளை எங்கட ஆளோ என்று கேட்டார். ஓம் என்றான். எந்த ஊர், ஆற்றை பிள்ளை என்றார். கோண்டாவில், பஸ் டிப்போவில் வேலை செய்த குணரத்தினத்தின் மகள் என்றான். கலியாணம் கட்டினதோ என்றார்.

"கட்டினது."

"இப்பிடி விழுந்தெழும்பி அடிபடுறதுக்குப் புருஷன் விடுறானோ, தம்பி?"

அவன் குனிந்து ஸ்கேட் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"விட்டிட்டான்."

"நல்ல மனுசன்," என்று சொல்லி, அந்த அம்மா அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.