பெயர் எழுதாத சீட்டு

"எல்லாருக்காகவும் நீங்க ஜெபம் பண்றீங்க, உங்களுக்காக யாரு பண்ணுவாங்க?" என்று ஞாயிறு வகுப்பில் ஒரு சிறுமி கேட்டபோது போதகர் கரகரத்த தொண்டையைச் செருமிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். மறுவாரத்திலிருந்து ஜெபப் பெட்டியில், 'போதகரின் தொண்டை வலி நீங்க' என்று பெயரில்லாத சீட்டு ஒன்று தவறாமல் விழுந்தது.

இன்று அவர் அடுக்களைக்குள் ஓடி வந்தார்.

"எழுதுறது யாருன்னு கண்டுபிடிச்சிட்டேன்."

"ஞாயிறு வகுப்புப் பாட்டு டீச்சர்தானே?" என்றாள் மனைவி.

"இல்லம்மா, கையெழுத்தைப் பாரு."

சீட்டோடு அவர் நீட்டியது, அவரை வேறு ஊருக்கு மாற்றச் சொல்லிச் சபைச் செயலாளர் மேலிடத்துக்குக் கைப்பட எழுதிய புகாரின் நகல்.

"அட, இந்த மனுஷனா? அப்போ நாம மூட்டை கட்ட வேண்டாமா?"

"வேண்டாம். பிரசங்கம் நீளம்னுதான் நாலு பக்கமும் எழுதியிருக்காரு, வேற குறை இல்ல. முதல்ல அதைச் சுருக்கறேன்."

மாலையில் ஆளில்லாத ஆலயத்தில், செயலாளர் வழக்கமாக அமரும் பெஞ்சருகே மண்டியிட்டு, முதன்முறையாக அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார் போதகர்.